கோணத்தாங்கல் கைகாட்டி

கோணத்தாங்கல் ரயில் நிலையத்துக்கு இரண்டு வாசல் என்று ரயில்வே சொல்லும். ஊர்க்காரர்களைக் கேட்டால் மூன்று என்பார்கள். மூன்றாவது வாசல் பிளாட்பாரத்தின் பட்டணத்து முனையைத் தாண்டி, மதில் சுவரில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு இடிந்து கிடக்கும் சந்து. மற்ற இரண்டு வாசலிலும் போகிறவர்களைவிட இதில் போகிறவர்கள்தான் அதிகம். போய்ச் சேராதவர்களும் சிலர் உண்டு.

அந்தச் சந்தை ஒட்டி, வடக்குப் பக்கத்தில் இருக்கிறது துலுக்கானத்தின் டூ வீலர் ஸ்டாண்டு. தகரக் கூரை, சவுக்குக் கம்பங்கள், வாசலில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் அறுபதை நெருங்கிக்கொண்டிருக்கும் துலுக்கானம். காலையில் வண்டியைத் தள்ளிவிட்டு ரயிலுக்கு ஓடுகிறவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. சாயங்காலம் வண்டியை எடுக்க வருகிறவர்களும் பார்ப்பதில்லை. அதில் அவருக்கு மனக்குறை ஒன்றும் கிடையாது. தன்னை யாரும் கவனிப்பதில்லை என்றே அவர் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷன் நிற்பது அவர் குடும்பத்து நிலத்தில். ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் முதல் ரயில் ஓடிய நாளில், வெள்ளைக்காரன் அவருடைய முப்பாட்டன் கழனிக்குக் குறுக்கே ஒரு கோடு கிழித்தான். வீடு தெற்கே, கழனி வடக்கே என்று ஆகிவிட்டது. முதலில் ஒற்றைத் தண்டவாளம்தான். பிறகு இரட்டையானது, மேலே மின்சாரக் கம்பி வந்தது, லோக்கல் வண்டிகளுக்கென்று தனியாக இன்னும் இரண்டு தடம் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் கழனியில் ஒரு துண்டு போனது. கடைசியில் மிஞ்சிய துண்டைத்தான் துலுக்கானம் ஸ்டாண்டாக ஆக்கினார்.

"நாம எங்கடா தண்டவாளத்த தாண்டுறோம்? அதுதான் நம்ம நெலத்த தாண்டிகினு போவுது" என்பார் அவருடைய அப்பா. இந்த வீறாப்பு அந்தத் தெற்குத் தெரு முழுக்க உண்டு. உழவு மாட்டை ஓட்டிக்கொண்டு கடந்தவர்கள், நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கடந்தவர்கள். இப்போது கழனியும் இல்லை, மாடும் இல்லை. கடப்பது மட்டும் விடாமல் நடக்கிறது.

அவர்கள் கடக்கும் முறை ஒன்று இருக்கிறது. மொத்தம் நான்கு தடம். தெற்கே இருக்கும் இரண்டும் எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு. அவை இங்கே நிற்காமல் பறக்கும். வடக்கே, டிக்கெட் கவுண்டர் பக்கம் இருக்கும் இரண்டும் லோக்கலுக்கு. தெற்கிலிருந்து கிளம்பினால் முதல் தடத்தில் வண்டி வலப்பக்கம் பட்டணத்திலிருந்துதான் வரும். இரண்டாவதில் இடப்பக்கம் அரக்கோணத்திலிருந்து. மூன்றாவது மறுபடி வலம், நான்காவது இடம். ஆகவே ஒவ்வொரு தடத்துக்கும் ஒரே ஒரு பக்கம் பார்த்தால் போதும். குழந்தைக்குச் சோறூட்டும்போதே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறவனைக் கண்டால், வெளியூரான் என்று தெரிந்துகொண்டு சிரிப்பார்கள்.

முன்பு அங்கே ஒரு ரயில்வே கேட் இருந்தது. பால்ராஜ் என்கிற கேட்காரர் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியுமாக நின்று ஊரையே அதட்டிக்கொண்டிருப்பார். பிறகு கேட்டை மூடி, பட்டணத்துப் பக்கம் கொஞ்ச தூரம் தள்ளிச் சுரங்கப்பாதை வெட்டினார்கள். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும், மழை விட்டு வெகுநாளைக்கு வடியாது. ஸ்டேஷனின் மறுகோடியில் நடைமேம்பாலம் இருக்கிறது. அதில் ஏறி இறங்கினால் முட்டி கழன்று கையோடு வந்துவிடும் என்று பெண்கள் சொல்வார்கள். இரண்டு பக்கமும் மதில் எழுப்பினார்கள். எழுப்பிய சூட்டிலேயே இரண்டிலும் எதிரெதிராகச் சந்து விழுந்தது. அடைத்தார்கள், மறுபடி விழுந்தது. யாரோ வந்து துலுக்கானத்திடம் கடப்பாறை கேட்டார்கள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, எடுத்துக் கொடுத்தார். திருப்பிக் கொடுத்தபோது அதில் சிமென்ட் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்து வைத்துவிட்டார்.

கடப்பாறையைப் போலவே தார்ப்பாயும் அவரிடம்தான் கேட்பார்கள். மழைக்கு வண்டிகள்மேல் போர்த்துகிற நீலத் தார்ப்பாய். வருஷத்தில் சில தடவை ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் சந்து வழியாகத் தலையை நீட்டி, "பெரியவரே, அத்த கொஞ்சம் குடுங்க" என்பார். எதைக் கேட்கிறார் என்று இருவருக்கும் தெரியும். துலுக்கானம் மடித்துக் கொடுப்பார். திரும்ப வாங்க மாட்டார், புதிது வாங்கிக்கொள்வார். அன்றைக்குச் சாயங்காலம் ஜல்லியில் யாரோ சூடம் கொளுத்தியிருப்பார்கள். இரண்டு நாள் காகங்கள் அந்த இடத்தை விட்டுப் போகாது. மூன்றாம் நாள் அதே ஜல்லிமேல் ஜனங்கள் நடந்து போவார்கள். செத்தவர் வெளியூர், செல்போன் பேசிக்கொண்டு வந்திருப்பார், இல்லாவிட்டால் குடித்திருப்பார் என்று ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார்கள். துலுக்கானமும் அப்படித்தான் சொல்லிக்கொள்வார். தெரிந்தே சொல்லிக்கொள்ளும் பொய்யில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

அவர் மனைவி தாட்சாயிணி முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் வந்த புதிதில் கேட் இருந்தது, பால்ராஜ் கொடி காட்டினால் கடந்து வருவாள். கேட்டை மூடியபின் சிக்கல் வந்தது. பட்டணத்துப் பக்கம் பாதை தெற்காக வளைகிறது. அந்த வளைவு தெற்குச் சந்தில் நிற்கிறவர்களுக்குத் தெரியாது. வீட்டுச் சுவர்களும் தைல மரங்களும் மறைத்துவிடும். வடக்கே துலுக்கானம் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். அதனால் மதியம் அவள் சாப்பாட்டுக் கூடையோடு தெற்குச் சந்தில் வந்து நின்றதும், இவர் வடக்குச் சந்துக்குப் போய், வளைவைப் பார்த்துவிட்டு வலது கையைத் தூக்குவார். தூக்கினால் வா என்று அர்த்தம். ஆட்டினால் சீக்கிரம் வா என்று அர்த்தம். வராதே என்று சொல்ல அவர்களுக்குள் சைகை எதுவும் இல்லை. வண்டி வருகிறதென்றால் அவர் சந்தில் நிற்க மாட்டார், அவ்வளவுதான். அவர் தன் கண்ணில் படாதவரை அவளும் அடி எடுத்து வைக்க மாட்டாள்.

காலையிலேயே டிபன் கேரியரைக் கொண்டுவந்துவிடலாமே என்று கேட்கலாம். மகள் ரேகாவும் அதைத்தான் கேட்டாள். அவளைச் சென்னீர்குப்பத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஆறின சோறு துலுக்கானத்துக்கு இறங்காது, அது ஒன்று. இன்னொன்றை அவர் வெளியில் சொல்ல மாட்டார். எத்தனை வருஷமானாலும், நான்கு தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு பெண்பிள்ளை தன் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்குப் பிடித்திருந்தது. கையைத் தூக்கியதும் சேலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தலையை வலம் இடம் என்று ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு அவள் வருவதைப் பார்க்க அவர் மேசையை விட்டு எழுந்து போவார். வாடிக்கையாளர் காத்திருந்தால் காத்திருக்கட்டும்.

அவள் காது மந்தமாகிறது என்பது முதலில் குக்கரில் தெரிந்தது. விசில் மேல் விசில் வந்து குழம்பு தீய்ந்த வாசனை தெருவுக்கே வந்தபிறகு ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். பிறகு டீவி. பக்கத்து வீட்டு மங்களம் சுவரைத் தட்டி, "இன்னாக்கா, எங்க ஊட்டுக்கும் சேத்து நீயே பொட்டி வெக்கிறியா?" என்று கேட்டாள். ரேகா போன் பண்ணினால் இவள் பாட்டுக்கு எல்லாவற்றுக்கும் "ஆமாமா, ஆமாமா" என்றாள்.

"யப்பா, அம்மாகிட்ட புள்ளைக்கு ஜொரம்னு சொன்னா, நல்லாருக்கட்டும்னு சொல்லுது" என்று ரேகா அப்பாவிடம் குறைப்பட்டாள். "ஆவடில காது டாக்டர் கீறாரு. இட்டுகினு போயேன்."

துலுக்கானம் அன்று ராத்திரி பேச்சை எடுத்தார். தாட்சாயிணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கு இன்னா கேடு? நீ வாய்க்குள்ளயே பேசுனா யாருக்குக் கேக்கும்? மொதல்ல உன் பல்ல கட்டு, அப்பால என் காத பாக்கலாம்."

அவர் சிரித்துவிட்டார். அதோடு போயிற்று. பிறகும் இரண்டொரு தடவை சொல்ல வாயெடுத்தார். வண்டி வரும் சத்தம் அவளுக்குக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்ற எண்ணம், சாப்பிட உட்காரும்போதெல்லாம் வந்துவிடும். ஒருநாள் துணிந்து, "இனிமே பாலத்து வழியா வாமே" என்றார். "முட்டிய நீ குடுக்குறியா?" என்று அவள் கேட்டாள். நான் பார்த்துத்தானே கை காட்டுகிறேன், என் கண் நன்றாகத்தானே இருக்கிறது என்று அவர் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். ஆனால் கையைத் தூக்கும் முன் வளைவை முன்பைவிட அதிக நேரம் பார்க்கத் தொடங்கினார். அவள் கூடையை இறக்கி வைக்கும்போது அவருக்கு முதுகெல்லாம் வேர்த்திருக்கும்.

இந்தக் காலத்தில்தான் தெற்குப் பக்கம் அடுக்குமாடிக் கட்டடங்கள் வந்தன. மதுரை, நெல்லை, கோயம்புத்தூர் என்று எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள் வாடகைக்குக் குடியேறினார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வேலை, மதிய ஷிப்ட். தாட்சாயிணி கடக்கும்போது அவள் பின்னால் அவர்களும் சிலர் வருவதைத் துலுக்கானம் பார்த்திருக்கிறார். அவர்களுக்கும் அதே நேரத்துக்கு ரயில், வருகிறார்கள் என்றுதான் நினைத்தார். அதற்குமேல் யோசிக்க அவருக்கு நேரமில்லை. அவர் கண் ஒரே ஒரு சேலையின்மேல் இருக்கும்.

அந்த நாள் காலையிலிருந்தே ஒலிபெருக்கி ஓயவில்லை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கி அந்தப் பெண்குரல் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. துலுக்கானம் அந்தக் குரலைப் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டுக் கேட்டு, அது பேசுகிறதா நிறுத்திவிட்டதா என்பதே அவருக்குத் தெரியாத நிலை வந்துவிட்டது. மனைவியின் காதைப் பற்றிக் கவலைப்பட்ட மனிதர் தன் காதைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. ஆரஞ்சுச் சட்டை போட்ட கேங்க்மேன்கள் கூட்டமாகப் பட்டணத்துப் பக்கம் நடந்து போனார்கள். அதையும் பார்த்தார். தினம் ஏதாவது வேலை நடக்கிறது, இன்றைக்கும் நடக்கிறது என்று நினைத்தார்.

காற்றே இல்லை. தகரக் கூரை காய்ந்து சடசடத்தது. ரொம்ப நேரமாக எந்த எக்ஸ்பிரஸும் போகவில்லை என்பது மட்டும் அவருக்கு எங்கோ உறுத்தியது. வழக்கமாக அந்த நேரத்துக்குள் மூன்று நான்கு வண்டிகள் மேசையை உலுக்கிவிட்டுப் போயிருக்கும். அன்று மேசைமேல் இருந்த டீ டம்ளர் அசையவே இல்லை. அந்த அமைதி அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு தடவை எழுந்து போய்ச் சந்து வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

மதியம் தாட்சாயிணி தெற்குச் சந்தில் தெரிந்தாள். பச்சைச் சேலை, கையில் ஒயர் கூடை. துலுக்கானம் போய் நின்றார். முதல் தடத்துக்கு வளைவைப் பார்த்தார், ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கு அரக்கோணத்துப் பக்கம் பார்த்தார், கானல்தான் நெளிந்தது. மூன்றாவதுக்கு மறுபடி வளைவு, நான்காவதுக்கு மறுபடி அரக்கோணம். எல்லாம் சுத்தம். வலது கையைத் தூக்கினார்.

அவள் இறங்கினாள். அந்த நேரம் பார்த்து ஒரு பையன் பின்னால் வந்து, "அண்ணாத்தே, வண்டி சாவிய உள்ளயே உட்டுட்டேன்" என்றான். துலுக்கானம் திரும்பி, "இரு நைனா, வரேன்" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பியபோது வளைவில் ஒரு எஞ்சின் தலை நீட்டியிருந்தது.

அவர் பதறவில்லை. பட்டணத்திலிருந்து வருகிற எக்ஸ்பிரஸ் என்றால் அது முதல் தடம். தாட்சாயிணி முதல் தடத்தை அப்போதுதான் தாண்டியிருந்தாள். வண்டி அவள் முதுகுக்குப் பின்னால் போகும், சேலைத் தலைப்பு கொஞ்சம் பறக்கும், அவ்வளவுதான். எத்தனையோ நாள் அப்படி ஆகியிருக்கிறது.

அப்போதுதான் ஒலிபெருக்கி அவர் காதில் விழுந்தது. அன்றைக்கு முதன்முறையாக விழுந்தது. முதல் தடத்தில் பராமரிப்புப் பணி நடப்பதால், சென்னையிலிருந்து செல்லும் விரைவு ரயில்கள் இரண்டாவது தடத்தில் எதிர்த் திசையில் இயக்கப்படுகின்றன, பயணிகள் தண்டவாளத்தைக் கடக்க வேண்டாம் என்றது அந்தக் குரல்.

எஞ்சின் வளைவை முடித்து நேராயிற்று. அது இரண்டாவது தடத்தில் வந்துகொண்டிருந்தது. இரண்டாவது தடத்துக்கு முன்னால், ஜல்லியில், தாட்சாயிணி நின்று இடப்பக்கம் திரும்பி அரக்கோணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலப்பக்கம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தத் தெருவில் எவருக்கும் அது இல்லை. அவர் குடும்பம் அங்கே நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து இரண்டாவது தடத்துக்கு யாரும் வலப்பக்கம் பார்த்ததில்லை.

"தாட்சா!" என்று கத்தினார். தொண்டை கிழிந்தது. எஞ்சின் ஊதியது. நீளமாக, நிறுத்தாமல் ஊதியது. பையன் காதைப் பொத்திக்கொண்டான். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

துலுக்கானம் இரண்டு கையையும் தூக்கி வீசினார். போ, போ, பின்னால் போ என்று வீசினார். தாட்சாயிணி அவர் பக்கம் திரும்பினாள், கையைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பசி போலிருக்கிறது, அவசரப்படுகிறார். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, சேலையைப் பிடித்துக்கொண்டு, வேகமாக ஒரு அடி வைத்தாள்.

ஆட்டினால் சீக்கிரம் வா. தன் கைதான் அவளை இழுக்கிறது என்று அந்தக் கணத்தில் புரிந்தது. கையைக் கீழே போட்டாலும் பயனில்லை, நிற்கிற ஆளைப் பார்த்து வருவாள். ஓடிப்போய்ப் பிடிக்க நடுவில் மூன்று தடம் கிடந்தது. செய்யக்கூடியது ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதைச் செய்தால் அவளைப் பார்க்க முடியாது. கண்ணுக்கு முன்னால் நடப்பதை விட்டுக் கண்ணை எடுக்க அந்த மனிதருக்கு எவ்வளவு தெம்பு வேண்டியிருந்திருக்கும்!

துலுக்கானம் சுவருக்குப் பின்னால் பொத்தென்று உட்கார்ந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

வண்டி வந்து மோதுவதுபோல் தரை அதிர்ந்தது. சுவரிலிருந்து மண் உதிர்ந்து அவர் பிடரியில் விழுந்தது. பெட்டி பெட்டியாகச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது, தீரவே இல்லை. துலுக்கானத்தம்மா, உன் பேரைத்தானே எனக்கு வைத்தார்கள், உன் பேரைத்தானே எனக்கு வைத்தார்கள் என்று அம்மனிடம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு எதுவும் வாயில் வரவில்லை. தலையைக் கொஞ்சம் தூக்கியபோது, மேசைக்கு அடியில் மடித்து வைத்திருந்த நீலத் தார்ப்பாய் அவர் கண்ணெதிரே இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சத்தம் அரக்கோணத்துப் பக்கம் தேய்ந்தது. சுவரைப் பிடித்து மெதுவாக எழுந்து சந்து வழியாகப் பார்த்தார்.

தாட்சாயிணி நின்றுகொண்டிருந்தாள். முதல் தடத்துக்கும் இரண்டாவது தடத்துக்கும் நடுவில், ஜல்லியில், கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஒற்றை அடி வைத்தவள், ஆளைக் காணோமே என்று அந்த அடியைப் பின்னுக்கு எடுத்திருக்கிறாள். வண்டியின் காற்றில் தலைமுடி அவிழ்ந்து முகமெல்லாம் கிடந்தது. மிரண்ட கண்ணோடு வடக்குச் சந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துலுக்கானத்துக்கு அழுகை பீறிட்டது. அம்மா தாயே என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

தாட்சாயிணி கிளம்பினாள்.

அவள் மட்டும் கிளம்பவில்லை. தெற்குச் சந்துக்குள் ஒதுங்கி நின்றிருந்தவர்கள், முதுகில் பை மாட்டிய பிள்ளைகள், காதில் வெள்ளை ஒயர் சொருகிய பெண்கள், ஒரு கைக்குழந்தைக்காரி என்று பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாகத் தண்டவாளத்தில் இறங்கினார்கள். ஒருவரும் வலப்பக்கம் பார்க்கவில்லை. இடப்பக்கமும் பார்க்கவில்லை. அத்தனை பேருடைய கண்ணும் அவருடைய கையின்மேல் இருந்தது.

கும்பிட்ட கை அப்படியே நின்றது. இறக்கினால் நடுவில் நின்றுவிடுவார்கள், இறக்காவிட்டால் வருவார்கள். எது நல்லது என்று அவருக்குத் தெரியவில்லை. எந்தத் தடத்தில் எந்தப் பக்கமிருந்து என்ன வரும் என்று இனி யாருக்குத் தெரியும்? வளைவைப் பார்த்தார், அரக்கோணத்தைப் பார்த்தார், மறுபடி வளைவைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அந்த ஊரில் இருப்பவர், வெளியூரானைப் போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒலிபெருக்கி மறுபடி பயணிகளின் கனிவான கவனத்தைக் கேட்டது. யாரும் கொடுக்கவில்லை.

எதுவும் வரவில்லை. அது அவர்களுடைய நல்ல நேரம். ஒவ்வொருவராகச் சந்தில் ஒருக்களித்து நுழைந்தார்கள். ஹேமநாதன் என்கிற பையன் மட்டும் நின்றான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், சட்டையில் கம்பெனி அட்டை தொங்கியது.

"என்ன சார், கை காட்டிட்டு நடுவுல உக்காந்துட்டீங்க? நாங்க பயந்துட்டோம். ஆன்ட்டிய எல்லாரும் கத்திக் கூப்பிட்டோம், திரும்பிக்கூடப் பாக்கல."

துலுக்கானம் அவனைப் பார்த்தார். "நீங்கல்லாம்... என் கைய பாத்தா வரீங்க?"

"பின்ன? உங்களப் பாத்துதான சார் எல்லாரும் வாரோம். எங்க அபார்ட்மென்ட் குரூப்ல புதுசா யாரு குடிவந்தாலும் மொதல்ல இதத்தான் சொல்லுவோம். மதியம் ஸ்டாண்டு அங்கிள் கை தூக்குனா தைரியமா கிராஸ் பண்ணலாம்னு." லோக்கல் வருகிற சத்தம் கேட்டது. அவன் கையை ஆட்டிவிட்டு ஓடினான்.

சாவியை உள்ளே விட்ட பையனும் போய்விட்டான். தாட்சாயிணி மேசைக்குப் பின்னால் வழக்கமான இடத்தில் கூடையை இறக்கினாள். தட்டை எடுத்து வைத்தாள், சோற்றைப் போட்டாள், கத்திரிக்காய்க் குழம்பை ஊற்றினாள். அது சூடாக இருந்தது.

"வண்டி அந்தப் பக்கத்துலருந்து எப்டி வந்துச்சி?" என்று கேட்டாள்.

"தடம் மாத்தி உட்டுக்கினு கீறாங்க. கத்துனேனே, கேக்கலியா?"

அவள் அவர் உதட்டைக் கூர்ந்து பார்த்தாள். அதைப் படிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் எப்போதும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசுவது ஆசையால் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார் துலுக்கானம்.

"வண்டி சத்தம் கேக்காம போயி ரெண்டு வருசம் ஆவுதுய்யா" என்றாள் தாட்சாயிணி மெதுவாக. "சொன்னா நீ வரவே கூடாதுன்னுடுவ. இன்னா பெரிய பயம், அதான் உன் கை கீதேன்னு வந்துகினு இருந்தேன்."

துலுக்கானம் தட்டைப் பார்த்தார். வலது கையைத் தூக்கிச் சோற்றில் வைக்கப் பார்த்தார். அது மடியிலேயே கிடந்தது. அவளே பிசைந்து, ஒரு உருண்டையை அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். வாங்கிக்கொண்டவர் அதை மெல்லாமல் வைத்திருந்தார்.

"இன்னா, உப்பு கம்மியா?" என்று கேட்டாள்.